நடை இயந்திரமும் அதன் உபாதைகளும்

நடப்பதற்கு இடமில்லை என்று திருநெல்வேலிக்காரர் எவரும் குறைப்பட முடியாது. பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தைக் காலையும் மாலையும் சுற்றி வருவோர் உண்டு; விடியுமுன் நெல்லையப்பர் கோயில் ரத வீதிகளை வலம் வருவோர் உண்டு; குறுக்குத்துறை வரையில் நடந்து, தாமிரபரணியில் ஒரு முழுக்குப் போட்டுத் திரும்புவோரும் இன்னும் இருக்கின்றனர். ஆயினும் சித்திரை வெயிலையும், ஐப்பசி அடைமழையையும், தெருநாய்களையும் உத்தேசித்து, பெருமாள்புரத்திலும் தியாகராஜ நகரிலும் பல வீடுகளின் முன்னறையில் டிரெட்மில் என்னும் நடை இயந்திரம் வந்து குடியேறிவிட்டது. அது ஓரிரண்டு வருஷங்களில் முனகத் தொடங்குவதும், பிறகு ஒருநாள் நின்றுபோவதும், பழுது பார்க்க வந்தவர் மூடியைக் கழற்றிய மாத்திரத்தில் "போர்டு போய்விட்டது" என்று தீர்ப்புச் சொல்வதும், பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வைத்த புதிய போர்டு சில மாதங்களுக்குள் தானும் கருகுவதும் சாமானியமாக நடக்கிற சங்கதிகள். போர்டு கருகியது மெய்யே. ஆனால் பெரும்பாலான சந்தர்ப்பங்களில் குற்றவாளி அதுவன்று. அதற்குச் சற்றுத் தள்ளி, நடப்பவரின் பாதத்துக்கு நேர் கீழே, ஓடும் பட்டைக்கும் அதைத் தாங்கும் பலகைக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாமல் வளர்ந்துவந்த உராய்வுதான் மூல காரணம்.

இந்த இயந்திரத்தின் பூர்வ சரித்திரம் அத்தனை கௌரவமானதன்று. 1818ஆம் ஆண்டு வில்லியம் கியூபிட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், சிறைக் கைதிகள் சும்மா இருக்கலாகாது என்ற எண்ணத்தில், படிகள் பொருத்திய பெரிய உருளை ஒன்றை வடிவமைத்தார். கைதிகள் வரிசையாக நின்று அப்படிகளை ஓயாமல் மிதிக்க, உருளை சுழன்று தானியம் அரைத்தது, அல்லது நீர் இறைத்தது, சில சிறைகளில் வெறுமனே காற்றைத்தான் கடைந்தது. அந்த நூற்றாண்டின் முடிவில் இங்கிலாந்து அத்தண்டனையைக் கைவிட்டது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 1908இல் திருநெல்வேலியில் தண்டனை விதிக்கப்பெற்ற வ.உ. சிதம்பரம் பிள்ளை கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தார். அவர் பெயர் தாங்கிய மைதானத்தில் மக்கள் ஆரோக்கியத்துக்காகச் சுற்றி வருவதையும், மிதிக்கும் தண்டனைக்கென்று பிறந்த இயந்திரத்தைக் காசு கொடுத்து வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வதையும் சேர்த்து எண்ணும்போது, சரித்திரத்துக்கும் ஹாஸ்ய உணர்ச்சி உண்டு என்றே தோன்றுகிறது. பிற்பாடு, 1950களில் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் புரூஸ் என்ற இருதய வைத்தியர் நோயாளிகளை ஓடுபட்டையின்மேல் நடக்கவிட்டு இருதயத்தைப் பரீட்சிக்கும் முறையை வகுத்தார். 1968இல் கென்னத் கூப்பர் என்ற வைத்தியர் எழுதிய தேகப்பயிற்சி நூலைப் படித்த வில்லியம் ஸ்டாப் என்னும் பொறியாளர், சாதாரணக் குடும்பமும் வாங்கத்தக்க வீட்டு இயந்திரத்தைச் செய்தார்.

அமைப்பு எளிது. முன்னும் பின்னும் இரண்டு ரோலர்கள். அவற்றைச் சுற்றி ஓடுகின்ற, மேற்புறம் செயற்கை ரப்பர் போன்ற பொருளாலும் அடிப்புறம் நெய்த துணியாலும் ஆன அகன்ற பெல்ட். அந்தப் பெல்ட்டுக்குள்ளே, நடப்பவரின் பாரத்தைத் தாங்கும், மரத்தூளை அழுத்திச் செய்து மேலே வழவழப்பான தகடு ஒட்டிய பலகை. முன்புற மூடிக்குள் நேர்மின்னோட்ட மோட்டார் ஒன்று, வரி வரியான சிறிய பெல்ட்டின் மூலம் முன் ரோலரைச் சுழற்றுகிறது. சுவரிலிருந்து வருவதோ 230 வோல்ட் மாறுமின்னோட்டம். அதை நேர்மின்னோட்டமாக்கி, விநாடிக்குப் பல்லாயிரம் துண்டுகளாக வெட்டி, நாம் கேட்கும் வேகத்துக்கு ஏற்ற அளவில் மோட்டாருக்கு ஊட்டுவதே அந்தப் பிரசித்தமான போர்டின் வேலை.

இனி உராய்வின் கணக்கைப் பார்ப்போம். எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிறார் என்றும், நன்றாக எண்ணெய் பூசிய பலகையின் உராய்வுக் குணகம் 0.2 என்றும் வைத்துக்கொண்டால், பெல்ட்டைப் பலகையின்மேல் இழுப்பதற்கு மாத்திரம் ஏறக்குறைய 190 வாட் சக்தி செலவாகிறது. எண்ணெய் வற்றிக் குணகம் இருமடங்கானால் செலவும் இருமடங்காகி 380 வாட்டை எட்டுகிறது. நடப்பவருக்கு இதில் எந்த வித்தியாசமும் தெரியாது; ஏனெனில், வேகம் குறைந்துவிடக் கூடாது என்று போர்டு தன் கடமையைச் செய்து, மோட்டாருக்கு மேலும் மேலும் மின்சாரத்தை ஊட்டிக்கொண்டே இருக்கிறது. அவ்வாறு ஊட்டுகையில் அது தானும் சூடாகிறது, ஒருநாள் எரிகிறது. இந்நிலையில் போர்டை மட்டும் மாற்றிப் பலகையைத் தொடாமல் விடுவது, இன்னொரு போர்டைப் பலிக்கு அனுப்புவதேயன்றி வேறில்லை.

இதில் யாரும் எதிர்பாராத ஒரு சூட்சுமம் இருக்கிறது. வேகமாக ஓடுகிறவரால்தான் மோட்டார் வருந்தும் என்று நினைக்கிறோம். உண்மை பெரும்பாலும் நேர்மாறானது. நேர்மின்னோட்ட மோட்டார் குடிக்கும் மின்னோட்டம் அது இழுக்கும் பாரத்தைப் பொறுத்ததேயன்றி வேகத்தைப் பொறுத்ததன்று; மோட்டாரைக் குளிரச் செய்யும் விசிறியோ அதன் அச்சிலேயே மாட்டியிருப்பதால், அச்சு மெதுவாகச் சுழன்றால் காற்றும் மெதுவாகவே வீசுகிறது. ஆகவே, ஓடுகிற மெல்லிய இளைஞனைவிட, வைத்தியர் சொல்லிவிட்டாரே என்று மணிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் அரைமணி நேரம் ஊர்ந்து நடக்கிற கனத்த சரீரமுடைய பெரியவரே மோட்டாருக்கு அதிக வெப்பத்தைக் கொடுக்கிறார். நம் வீடுகளில் இந்த இயந்திரத்தை உபயோகிப்பவர் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையினரே என்பதைக் கருதினால், எண்ணெய் விஷயத்தில் அலட்சியம் கூடாது என்பது விளங்கும்.

பரீட்சை சுலபம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெல்ட்டின் ஓரத்தைத் தூக்கி, பலகையின் நடுவில், பாதங்கள் விழும் இடத்தில் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். விரல் வழுக்கி மினுமினுத்தால் நலம். வறண்டு கரிய தூள் ஒட்டினால் எண்ணெய் விடும் காலம் கடந்துவிட்டது. ஆனியிலும் ஆடியிலும் செங்கோட்டைக் கணவாய் வழியாகப் பாய்ந்து வரும் காற்று இந்தச் சமவெளியில் வாரி இறைக்கும் புழுதி, ஜன்னல் திறந்த வீட்டில் பெல்ட்டோடு ஒட்டிப் பலகைக்குள் போய் உப்புத்தாளின் வேலையைச் செய்வதால், அப்பருவம் கழிந்தவுடன் ஈரம் பிழிந்த துணியை உள்ளே விட்டு இருபுறமும் இழுத்துத் துடைப்பது அவசியம். அதன்பின் கலப்பில்லாத சிலிகான் எண்ணெயைச் சிறு குழாயால் பலகையின் மேல் வளைவு வளைவாக விட்டு, ஆள் ஏறாமல் சில நிமிஷம் மெதுவாக ஓடவிட வேண்டும். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காயெண்ணெயையோ தையல் மெஷின் எண்ணெயையோ விடுவோர் உண்டு. முன்னது சிக்குப் பிடித்துத் தூசியைச் சேர்க்கும், பின்னது பெல்ட்டின் ரப்பரை அரிக்கும். சிலிகானையும் அளவுக்கு மிஞ்சி விட்டால் அது ரோலர்வரை பரவிப் பெல்ட்டை வழுக்கச் செய்யும். மெழுகு ஊட்டிய பலகை கொண்ட சில மாதிரிகளுக்கு எண்ணெயே கூடாது என்பதால், இயந்திரத்தோடு வந்த கையேட்டை ஒருமுறை புரட்டிவிட்டுத் தொடங்குவது புத்திசாலித்தனம்.

காலை வைத்தவுடன் பெல்ட் ஒரு கணம் தயங்கி நிற்கிறது என்றால், கை தானாகவே, பெல்ட்டை இறுக்கும் பின்புறத்து இரண்டு போல்ட்டுகளை நாடும். அங்கேதான் பொறுமை வேண்டும். தயக்கத்துக்குப் பலகையின் வறட்சி காரணமாயிருக்கலாம். உள்ளேயுள்ள சிறிய பெல்ட் தளர்ந்திருக்கலாம். பெரிய பெல்ட் தளர்ந்திருக்கலாம். முன் மூடியைக் கழற்றி, இயந்திரத்தை மிக மெதுவாக ஓடவிட்டு, ஒருவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பாதத்தால் பெல்ட்டைத் தடுக்க, மற்றொருவர் எட்ட நின்று கவனிக்கட்டும்: மோட்டார் சுழன்று ரோலர் நின்றால் குறை சிறிய பெல்ட்டில், ரோலரும் சுழன்று பெல்ட் மட்டும் நின்றால் குறை பெரிய பெல்ட்டில், மோட்டாரே திணறி நின்றால் உராய்வில். இதை அறியாமல் போல்ட்டை முறுக்கிக்கொண்டே போனால், ரோலரின் பேரிங்கும் மோட்டாரும் அந்த இழுவிசையைத் தாங்காமல் கெடும். சரியாக இறுகிய பெல்ட்டின் ஓரத்தை நடுமத்தியில் இரண்டு மூன்று அங்குலம் தூக்க முடிய வேண்டும்.

பெல்ட் ஒருபுறமாக ஒதுங்குவது வேறு விஷயம். பட்டையை நேராக ஓட்டும் வித்தை தாமிரபரணிப் பள்ளத்தாக்குக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹார்வி கம்பெனியார் பாபநாசத்தில் அருவி நீரின் விசையைக் கொண்டு நூற்பாலையை ஓட்டிய காலமும், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி அரிசி ஆலைகளில் ஒரே நெடிய தண்டிலிருந்து தட்டையான பட்டைகள் பல இயந்திரங்களுக்கு இறங்கிய காலமும் உண்டு. தட்டையான பட்டை உருளையின் பருத்த பாகத்தை நோக்கி ஏறும் சுபாவமுடையது. அதனால் ஆலை உருளைகளின் நடுப்பகுதியைச் சற்றே மேடாகக் கடைவார்கள், நடை இயந்திரத்தின் ரோலர்கள் பலவற்றிலும் அந்த மேடு இருக்கிறது. அந்த மேடு ஓரளவுக்குத்தான் காக்கும். மிச்சத்தை நாம்தான் திருத்த வேண்டும். பெல்ட் வலப்புறம் ஒதுங்கினால், இயந்திரம் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கையில், வலப்புற போல்ட்டை அலன் கீயால் கால் சுற்று இறுக்கிவிட்டு ஒரு நிமிஷம் காத்திருக்க வேண்டும். இறுகிய பக்கத்தை விட்டு விலகிப் பெல்ட் நடுவுக்கு நகரும். இதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது தரை. கழுவிவிட்ட தண்ணீர் வாசலுக்கோ தூம்புக்கோ ஓட வேண்டும் என்று நம் கொத்தனார்கள் தரைக்கு வாட்டம் கொடுத்திருப்பார்கள். அந்த வாட்டத்தில் நிற்கும் இயந்திரத்தின் பெல்ட் எத்தனை தடவை திருத்தினாலும் ஒதுங்கும். கால்களுக்கு அடியிலுள்ள திருகுகளைத் திருகி ரசமட்டம் பார்த்து நிறுத்திவிட்டாலே பல இயந்திரங்கள் தாமாக நேராகிவிடுகின்றன.

சப்தத்தைக் காதால் எண்ணலாம். வீட்டு இயந்திரத்தின் பெல்ட் சுமார் மூன்று மீட்டர் சுற்றளவுடையது. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் அது ஒரு சுற்று வர இரண்டு விநாடிக்குச் சற்று அதிகமாகும். இரண்டு விநாடிக்கு ஒருமுறை 'தடக்' என்று கேட்டால் பெல்ட்டின் தையலிலோ அதில் ஒட்டிய ஏதோ ஒன்றிலோ கோளாறு. சிறிய ரோலர்களோ அதே வேகத்தில் விநாடிக்குப் பத்துத் தடவை சுழல்வதால், அவற்றின் பேரிங் தேய்ந்தால் தனித்தனித் தட்டாகக் கேட்காமல் இடைவிடாத உறுமலாகக் கேட்கும். பாதம் விழும்போதெல்லாம் 'தடக்' என்று கேட்டால் பலகையில் விரிசல் கண்டிருக்கலாம். விரிசலின்றி மேற்புறம் தேய்ந்தது மட்டுமானால், பலகையின் இருபுறமும் வழவழப்பான தகடு உள்ள மாதிரிகளில் அதைக் கழற்றித் திருப்பிப் போட்டுவிடலாம்.

மின் சம்பந்தமான அறிகுறிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். திரையே எரியவில்லையானால் பிளக், பியூஸ், சிவப்புப் பாதுகாப்புச் சாவி, கைப்பிடித் தூணுக்குள் நசுங்கிய ஒயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பெல்ட் சில விநாடி ஓடிப் பிறகு பிழை எண் காட்டி நின்றால், வேகத்தை அளக்கும் காந்தமும் அதன் எதிரேயுள்ள உணரியும் தூசியாலோ விலகலாலோ ஒன்றையொன்று காணவில்லை என்று பொருள். திரை எரிந்தும் மோட்டார் அசையாவிட்டால், கார்பன் பிரஷ்கள் தேய்ந்திருக்கின்றனவா என்று கழற்றிப் பார்ப்பது முதல் வேலை. இயந்திரத்தைப் பதினைந்து ஆம்பியர் பிளக்கில் நேரே மாட்ட வேண்டும். மிக்ஸிக்கு வாங்கிய எக்ஸ்டென்ஷன் பெட்டி அதற்குப் போதாது. எர்த் சரியாக இராவிட்டால் பெல்ட்டின் தேய்ப்பில் பிறக்கும் நிலைமின்சாரம் வடிய வழியின்றிக் கைப்பிடியைத் தொடுகிறவரைச் சுண்டும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் போர்டிலுள்ள கெபாசிட்டர்களில் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும். பல நிமிஷம் பொறுத்து, மீட்டரால் அளந்து, வடிந்துவிட்டது என்று தெரிந்த பின்னரே கைவைக்க வேண்டும். வேலையில்லாத நேரத்தில் பாதுகாப்புச் சாவி குழந்தைகளுக்கு எட்டாத அலமாரியில் இருப்பது நல்லது. பின் ரோலரில் சிக்குபவை சிறு விரல்களே.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரை கடந்து ஊருக்குள் புகுந்தபோது, தரைத்தளத்தில் இருந்த பொருள்கள் எல்லாவற்றோடும் நடை இயந்திரங்களும் முழுகின. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மோட்டாரும் போர்டும் பலகையும் இருப்பதால், முழங்கால் அளவு வெள்ளமே அவற்றுக்குப் பிரளயம். அப்படி நனைந்ததை, 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று பிளக்கில் மாட்டுவது பெரும் ஆபத்து. சேற்றை நல்ல தண்ணீரால் கழுவி, நிழலில் பல நாள் உலர்த்தி, மோட்டாரின் மின்காப்பை அதற்குரிய கருவியால் சோதித்தபின் பேரிங்குகளை மாற்றினால் மோட்டார் பிழைப்பதுண்டு. பலகை பிழைக்காது, மரத்தூள் நீரைக் குடித்து, எண்ணெயிலிட்ட கல்லிடைக்குறிச்சி அப்பளம்போல் ஓரமெல்லாம் புடைத்துவிடும், அதன்மேல் பெல்ட்டை ஓட்டுவது மோட்டாரை இரண்டாம் முறை கொல்வதாகும்.

எந்தக் காரணத்தாலாயினும் புதிய போர்டு வைக்க நேர்ந்தால், பழுது பார்ப்பவரை உடனே அனுப்பிவிடலாகாது. நேர்மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை மோட்டாரின் ஒயரில் மாட்டச் சொல்லி, ஆள் ஏறாமல் ஒருமுறையும், வீட்டில் கனத்தவர் மெதுவாக நடக்கையில் ஒருமுறையும் அளந்து, மோட்டாரின் தகட்டில் பொறித்திருக்கும் ஆம்பியர் அளவோடு ஒப்பிட வேண்டும். அதைத் தாண்டினால் பலகையையும் பெல்ட்டையும் திருத்தாமல் அவர் கூலி வாங்கிக்கொண்டு போவது நியாயமாகாது. அந்த இரண்டு எண்களையும் தேதியோடு ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மூடியின் உட்புறத்தில் ஒட்டி வைத்துவிட்டால், அடுத்த ஆண்டு மூடியைத் திறப்பவர் யாராயிருந்தாலும், மறுபடி அளந்து பார்த்து, உராய்வு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை ஒரு நிமிஷத்தில் கண்டுகொள்வார்.