அடைக்கு உட்கார்ந்தாள் சாம்பி!

எங்கள் வீட்டில் கோழியை யாரும் ‘அது’ என்று சொல்வதில்லை. ‘அவள்’தான். “கருப்பாயி எங்கே, இன்னும் வரலையா?” என்று நான் கேட்டால், புதிதாக வந்த விருந்தாளி வேலைக்காரியைத்தான் தேடுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்!

நான் பிறந்தது சிதம்பரம், வாழ்க்கைப்பட்டது கடலூர் புதுப்பாளையம். தாய் வீட்டுச் சீதனமாக வந்த பித்தளைக் குடத்துக்கு ஈயம் பூசக்கூட ஆள் கிடைக்கவில்லை. ஆனால் அம்மா பனங்கூடையில் போட்டுக் கொடுத்த ஒரு சாம்பல் நிறப் பெட்டைக் கோழியின் வம்சம் இன்றைக்கும் என் கொல்லையில் கேறிக்கொண்டிருக்கிறது. சுமார் 45 கிலோமீட்டர் பஸ் பயணம். புதுச்சத்திரம் தாண்டியதும் கூடைக்குள்ளிருந்து ‘கொக்’ என்று ஒரு குரல். கண்டக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். “ஏம்மா, உங்க லக்கேஜ் பேசுதே!”

கோழிக்கு என்ன பெரிய குணம் என்று கேட்பவர்கள், நாலு கோழியை ஒரு மாதம் வளர்த்துப் பார்க்க வேண்டும். பொன்னி என்று ஒருத்தி இருந்தாள். பெரிய மாமியார். நொய் போட்டால் அவள் கொத்திய பிறகுதான் மற்றவர்கள் கிட்டே வரலாம். கழுத்தில் இறகே இல்லாத கிராப்புக் கோழி சரியான பயந்தாங்கொள்ளி. துடைப்பம் விழுந்தாலே எரவாணத்தில் ஏறிவிடுவாள். கருப்பாயிக்குக் கள்ளப் புத்தி. நம் வீட்டில் தின்றுவிட்டு, பக்கத்து வீட்டு விறகு அடுக்கில் போய் முட்டையிடுவாள். கேறுவதை மட்டும் நம் வாசலில் வந்து கேறுவாள்!

யார் யாரைக் கொத்தலாம் என்ற இந்த வரிசையை 1920-களின் தொடக்கத்திலேயே நார்வே நாட்டைச் சேர்ந்த ஷெல்டரப்-எப்பே என்பவர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். சிறு பையனாக இருந்தபோதே கோழிகளைக் கவனித்தவராம். கூட்டுக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்ட நமக்கு இதைச் சொல்ல நார்வேயிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை என்பது வேறு விஷயம்.

என் கதாநாயகி சாம்பி. அம்மா கொடுத்த கோழியின் வழியில் வந்தவள். பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டு முடித்ததும் ஒருநாள் கூடையை விட்டு எழுந்திருக்க மாட்டாள். கையை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு ‘கொர்ர்’ என்பாள். அடியில் முட்டையே இல்லாவிட்டாலும் வெறும் வைக்கோலைக் காத்துக் கிடப்பாள். மார்பு இறகைத் தானே பிடுங்கிக்கொள்வாள், தோலின் சூடு நேராக முட்டையில் படட்டும் என்று. உடம்பில் புரோலாக்டின் என்ற சுரப்பு கூடுவதால் வருகிற மாற்றம் இது. பண்ணையில் வளர்க்கிற ஒயிட் லெக்ஹார்ன் கோழிகள் அடைக்கு உட்காருவது அபூர்வம். வருஷம் முழுக்க முட்டையிட வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்ததில் அந்தக் குணமே போய்விட்டது. பாவம்!

அடைக்கு வந்த கோழியைத் தெளிய வைக்க மூக்கில் இறகு குத்துவார்கள், தண்ணீரில் முக்குவார்கள். நானும் அந்தப் பாவத்தைச் செய்தவள்தான். கார்த்திகை மழையில், யாரோ சொன்னார்கள் என்று கருப்பாயியை மூன்று தடவை வாளியில் முக்கி எடுத்தேன். மறுநாள் மூக்கில் சளி. நாலாம் நாள் செத்துப்போனாள். கால்நடை மருத்துவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. “அடியில் கம்பி வலை வைத்த கூண்டில், தீனி தண்ணீரோடு மூணு நாலு நாள் விடுங்கம்மா. வயித்துக்குக் கீழே காத்துப் பட்டால் சூடு தணிஞ்சு தானே தெளிஞ்சிடும்” என்றார். அன்றிலிருந்து வாளியைத் தொட்டதில்லை.

அடை வைக்கிற முறை என் அம்மாவுடையது. அகலமான கூடையில் மணல், மேலே வைக்கோல், செல் பிடிக்காமலிருக்க நொச்சி இலையும் வேப்பிலையும். முட்டை ஒற்றைப்படையில்தான், ஒன்பது அல்லது பதினொன்று. பத்து நாளைக்கு மேற்பட்ட பழைய முட்டை கூடாது. ஓரத்தில் ஓர் இரும்பாணி, ஒரு கரித்துண்டு. இடி இடித்தால் முட்டை கெடாதாம். இதற்கு விஞ்ஞானத்தில் ஆதாரம் கிடையாது என்று என் மகன் சொல்கிறான். இருக்கட்டுமே, ஆணி என்ன தீனியா கேட்கிறது?

ஏழாம் நாள் இருட்டறையில் டார்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பாருங்கள். சிலந்திக் கால் மாதிரி சிவப்பு நரம்பு ஓடினால் கரு இருக்கிறது. கண்ணாடியாகத் தெரிந்தால் எடுத்துவிடலாம். பொரிக்க 21 நாள். திங்கட்கிழமை வைத்தால் திங்கட்கிழமை பொரிக்கும், கணக்குப் போடவே வேண்டாம். தாய்க்கோழி முட்டைகளை அலகால் தள்ளித் தள்ளித் தானே திருப்பிக்கொள்வாள். நாளுக்கு ஒரு தடவை இறங்கி, கால் மணியில் தின்று குடித்துவிட்டு ஓடிவருவாள். அந்த நேரத்தில் கம்பும் தண்ணீரும் தயாராக இருக்க வேண்டும். அவ்வளவுதான் நம் வேலை.

2011 டிசம்பர் 12, திங்கட்கிழமை. சாம்பியைப் பதினொரு முட்டையில் வைத்தேன். டார்ச் அடித்ததில் ஒன்று போக, பத்து மிச்சம். 18-ஆம் நாள் விடியற்காலை வந்தது தானே புயல்.

கடலூர்க்காரர்களுக்கு அந்த டிசம்பர் 30-ஐப் பற்றிச் சொல்ல வேண்டாம். காற்று ஊளையிட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கொல்லை முருங்கை கோழிக் கூண்டின் மேலேயே சாய்ந்தது. பொன்னி, கிராப்பு, சேவல் எல்லாமே அடியில். சாம்பி மட்டும் சாமான் அறை மூலையில் கூடைக்குள். அந்த அறையின் ஓடு பறந்து, மழை உள்ளே அடித்தது. நானும் மருமகளும் அலுமினிய அன்னக்கூடையை அவள் மேல் கவிழ்த்து, மூச்சுக்கு ஒரு பக்கம் செங்கல் முட்டுக் கொடுத்தோம்.

“அத்தை, அவ பயந்து எழுந்துட்டா?”

“எழுந்தா எல்லாம் போச்சு. அம்மா வீட்டுக் கோழின்னு இனிமே ஒண்ணும் இருக்காது.”

அவள் எழவில்லை. தகரம் பறக்கிறது, மரம் முறிகிறது, கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டு அப்படியே கிடந்தாள். அன்றும் மறுநாளும் தீனிக்கே இறங்கவில்லை. மூன்றாம் நாள் நானே தூக்கிவிட்டேன். பஞ்சு மாதிரி கனமில்லாமல் இருந்தாள். நாலு வாய் கம்பு கொத்திவிட்டுத் திரும்ப ஓடிவிட்டாள். கரண்ட் இல்லாத அந்த ராத்திரி, சிம்னி விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தபோது முட்டைக்குள்ளிருந்து ‘கீச்’ என்று கேட்டது. சாம்பி தாழ்ந்த குரலில் பதில் சொன்னாள். நான் மருமகளை எழுப்பினேன்.

ஜனவரி 2, திங்கட்கிழமை, எட்டுக் குஞ்சுகள். இரண்டு கூமுட்டை. ஏழாம் நாள் மறக்காமல் கண்ணில் வெள்ளைக் கழிச்சலுக்கான சொட்டு மருந்து, எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி. அரசுக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். இதை விட்டுவிட்டு வேறு எதைச் செய்தும் பிரயோஜனமில்லை, ஒரே வாரத்தில் கொல்லை காலியாகிவிடும். பருந்து ஒன்றையும் பூனை ஒன்றையும் கொண்டுபோனது; ஆறு தேறின.

சிதம்பரத்தில் அம்மாவின் கொட்டகையும் அதே புயலில் விழுந்து, ஒரு கோழிகூட மிஞ்சவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். ஆனித் திருமஞ்சனத்துக்குப் போகும்போது இரண்டு பெட்டைகளைப் பனங்கூடையில் எடுத்துப் போனேன். பஸ்ஸில் திருவிழாக் கூட்டம். கூடையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

அம்மா சாம்பல் நிறத்தவளைத் தூக்கி, இடுப்பெலும்புக்கு நடுவே இரண்டு விரலை வைத்துப் பார்த்தாள்.

“இன்னும் பத்து நாள்ல முட்டை வெப்பாடி இவ. பரண்ல அந்தப் பழைய கூடை கெடக்கு, எடு.”