அதே இருக்கை, வேறு கை

1980 ஜனவரி 14. நியூயார்க்கில் ஐ.நா. பொதுச்சபையின் அவசரச் சிறப்புக் கூட்டம். ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை இறங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. காபூல் அரண்மனையில் ஆட்சியாளர் அமீனைக் கொன்றுவிட்டு பப்ரக் கார்மலை ஆட்சியில் அமர்த்தியிருந்தார்கள். அந்நியப் படைகள் உடனே வெளியேற வேண்டும் என்ற தீர்மானத்துக்கு ஆதரவாக 104 நாடுகள், எதிராக 18, விலகி நின்றவை 18. எதிர்த்து வாக்களித்த அந்தப் பதினெட்டின் பட்டியலை எப்போது படித்தாலும் ஒரு பெயரில் கண் நின்றுவிடுகிறது: உக்ரைன். அப்போது அது தனிநாடு அல்ல, சோவியத் ஒன்றியத்தின் ஒரு குடியரசு. ஆனாலும் 1945 முதல் ஐ.நா.வில் அதற்கென்று ஓர் இருக்கை இருந்தது. மாஸ்கோ சொன்னபடி அந்த இருக்கையிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

42 ஆண்டுகள் கழித்து, 2022 மார்ச் 2 அன்று, அதே சபையில் அந்த இருக்கைக்காரரின் நாட்டைப் பற்றியே வாக்கெடுப்பு நடந்தது. ரஷ்யப் படைகள் வெளியேற வேண்டும் என்று 141 நாடுகள் கேட்டன. ரஷ்யாவோடு நின்றவை பெலாரஸ், வடகொரியா, சிரியா, எரித்திரியா. விலகி நின்றவை 35. ஆப்கானிஸ்தான் எந்தப் பக்கம்? 1980இல் தன் மண்ணில் புகுந்த படையைப் போகச் சொன்ன தீர்மானத்தையே எதிர்த்து வாக்களித்த இருக்கை அது. 2022இல் உக்ரைனுக்கு ஆதரவாக நின்றது. காபூலை தாலிபான்கள் பிடித்து ஆறு மாதம் ஆகியும், வீழ்ந்த குடியரசின் பிரதிநிதியே அங்கே அமர்ந்திருந்தார். இழப்பு என்றால் என்ன என்று அந்தச் சபையில் அவரைவிட அறிந்தவர் அதிகம் பேர் இருந்திருக்க முடியாது.

நடைமுறை மட்டும் இம்மியும் மாறவில்லை. இரண்டு முறையும் விஷயம் முதலில் பாதுகாப்புச் சபைக்குப் போனது; 1980 ஜனவரி 7இலும் 2022 பிப்ரவரி 25இலும் படையெடுத்தவரே வீட்டோவால் தடுத்தார். கொரியப் போர்க் காலத்தில், 1950இல், வகுத்த வழி ஒன்று உண்டு: பாதுகாப்புச் சபை முடங்கினால் பொதுச்சபையைக் கூட்டலாம். இரண்டு முறையும் அந்த வழியில்தான் வந்தார்கள். பொதுச்சபைத் தீர்மானத்துக்குக் கட்டுப்படுத்தும் அதிகாரம் கிடையாது என்பதும் அன்றுபோலவே. 2022 பிப்ரவரியில் பாதுகாப்புச் சபைக்குத் தலைமை வகிக்கும் முறை ரஷ்யாவுடையது. போரைத் தடுக்கச் சொல்லி அவசரமாகக் கூடியிருந்த இரவில், ரஷ்யத் தூதர் தலைமை நாற்காலியில் அமர்ந்திருக்கும்போதே, புதின் படை நடவடிக்கையை அறிவித்தார்.

உண்மையில் மாறியது வேறு. 1980 தீர்மானத்தில் சோவியத் ஒன்றியம் என்ற பெயரே இல்லை. 'அந்நியப் படைகள்' என்ற சொல்தான் இருந்தது. கோழைத்தனம் என்று அன்று தோன்றியிருக்கலாம். எனக்கு அதில் ஒரு சாமர்த்தியம் தெரிகிறது. மாஸ்கோவைப் பகைக்கத் தயங்கிய நாடும் அந்தச் சொல்லோடு நிற்க முடிந்தது. வழக்கை முன்னெடுத்தவர்களும் மேற்கத்திய நாடுகள் மட்டுமல்ல. பக்கத்து நாடான பாகிஸ்தானும் இஸ்லாமிய நாடுகளும் அணிசேரா நாடுகள் பலவும் தோள் கொடுத்தன. அதே கோரிக்கை ஆண்டுதோறும் சபைக்கு வந்தது, ஆதரவும் ஏறியது: 1980 நவம்பரில் 111, 1987இல் 123.

உக்ரைனின் கணக்கு தலைகீழ். 2022இல் 141, 2023 பிப்ரவரியில் மீண்டும் 141, 2025 பிப்ரவரி 24 அன்று 93. 1980 போலன்றி, 2022 தீர்மானம் ரஷ்யாவைப் பெயர் சொல்லியே கண்டித்தது; சொல்லில் துணிவு கூடியிருந்தது. ஆனால் ஈராக்கில் 2003இல் அமெரிக்கா புகுந்தபோது சர்வதேசச் சட்டம் எங்கே போனது, காசாவில் எங்கே போனது என்று ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் எழுந்த கேள்விக்கு மேற்கத்தியத் தூதர்களிடம் நேர்மையான பதில் இருக்கவில்லை. அந்தக் கேள்வி நியாயமானது. அதற்கான விலையை உக்ரைன் மக்கள் கொடுப்பது நியாயமல்ல.

2025 வாக்கெடுப்பில் அமெரிக்கா ரஷ்யாவோடு சேர்ந்து எதிர்த்தது. 1980இல் கார்ட்டரின் அமெரிக்கா 1.7 கோடி டன் தானிய ஏற்றுமதியை நிறுத்தியது (அந்த இடத்தை அர்ஜென்டினா நிரப்பியது), மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்க உலகைத் திரட்டியது. பாகிஸ்தான், மேற்கு ஜெர்மனி, நெதர்லாந்து, ஆஸ்திரேலியா ஆடாத அந்த ஹாக்கிப் போட்டியில்தான் நம் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்தியா தன் எட்டாவது தங்கத்தை வென்றது.

இந்தியா இரு காலத்திலும் விலகியே நின்றது. 1980இல் இந்திரா காந்தி மீண்டும் ஆட்சிக்கு வந்துகொண்டிருந்த வாரம். ஆயுதமும் நட்பும் மாஸ்கோவிடமிருந்து வந்தன. 2022இல் ஆயுதத்தோடு எண்ணெயும் சேர்ந்துகொண்டது. போருக்கு முன் நம் கச்சா எண்ணெய் இறக்குமதியில் ரஷ்யாவின் பங்கு மிகச் சொற்பம். 2023இல் அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. கார்கிவ் நிலவறைகளில் நம் மருத்துவ மாணவர்கள் பதுங்கியிருந்த நாட்களிலும் நம் வாக்கு விலகல்தான். இரு தரப்போடும் பேச அது வழி வைத்தது என்பார்கள். வழி இருந்தது உண்மை. அதில் நாம் எவ்வளவு தூரம் நடந்தோம் என்பதுதான் என் மனக்குறை.

பேசி முடிக்க எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதற்கு டியாகோ கோர்டோவெஸ் சாட்சி. ஈக்வடார்காரர், ஐ.நா. அதிகாரி. ஜெனீவாவில் காபூல் அரசும் பாகிஸ்தானும் ஒரே அறையில் உட்கார மறுத்ததால் 1982 முதல் அறைக்கு அறை நடந்தார். ஆறு ஆண்டு நடந்த பின் 1988 ஏப்ரல் 14 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்தக் கையெழுத்தை ஐ.நா. வாக்கு மட்டும் வாங்கித் தரவில்லை; பதினான்காயிரத்துக்கு மேற்பட்ட சோவியத் வீரர்களும் லட்சக்கணக்கான ஆப்கானியர்களும் மாண்டிருந்தார்கள். 1989 பிப்ரவரி 15 அன்று கடைசி சோவியத் படை எல்லை ஆற்றுப்பாலத்தைக் கடந்து வெளியேறியது. 2022 ஜூலையில் இஸ்தான்புல்லில் கருங்கடல் தானிய ஒப்பந்தத்திலும் ரஷ்யாவும் உக்ரைனும் ஒரே தாளில் கையெழுத்திடவில்லை, துருக்கியோடும் ஐ.நா.வோடும் தனித்தனியாகவே ஒப்பமிட்டன. ஓராண்டில் ரஷ்யா விலகிக்கொண்டது.

இன்னும் ஓர் இருக்கையைச் சொல்லியாக வேண்டும். 1956 நவம்பர் 4 விடியலில் சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டுக்குள் நுழைந்தபோது ஹங்கேரியப் பிரதமர் இம்ரே நாஜ் வானொலியில் உலகுக்கு அறிவித்தார். அன்றே பொதுச்சபையில் 50 நாடுகள் ஹங்கேரிக்காக வாக்களித்தன. டாங்கிகள் நகரவில்லை. 1958இல் நாஜ் தூக்கிலிடப்பட்டார். அந்த ஹங்கேரி 1980இல் ஆப்கானியருக்கு எதிராக வாக்களித்தது, அன்று அதன் கை அதனிடம் இல்லை. 2022இலும் 2023இலும் உக்ரைனுக்கு ஆதரவாகக் கை தூக்கியது. 2025 பிப்ரவரி 24 அன்று மீண்டும் எதிர்த்து வாக்களித்தது. இம்முறை புடாபெஸ்டில் எந்த அந்நிய டாங்கியும் இல்லை.