கிம்பல் பழுதா? வாரண்டிச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்!

காளிகாட், லேக் மார்க்கெட், ராஷ்பிகாரி அவென்யூ வட்டாரம் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாய்க் குடியிருந்து வரும் பகுதி. ஒரு காலத்தில் டைப்ரைட்டரும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு ரயிலேறி வந்தார்கள். இன்று ஆபீஸ் வேலை போக மிச்ச நேரத்தில் கல்யாண வீடியோ எடுத்துச் சம்பாதிப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு டிரோன் கேமரா விளையாட்டுச் சாமான் அல்ல, தொழிற்கருவி. அதற்குக் கொடுக்கும் விலை ஒரு குமாஸ்தாவின் சில மாதச் சம்பளம். பெரும்பாலும் தவணையில் வாங்கியதாகவே இருக்கும். முகூர்த்த மாதத்தில் அது பழுதானால் வருமானம் நிற்கும், தவணை நிற்காது.

டிரோனில் மிக மென்மையான உறுப்பு கிம்பல். கேமராவைத் தாங்கிப் பிடிக்கும் சிறு சட்டம் அது. நல்ல ரகங்களில் மூன்று சிறு மோட்டார்கள் இருக்கும். ஒன்று மேலும் கீழும், ஒன்று பக்கச் சாய்வுக்கு, ஒன்று இடவலமாய்த் திருப்ப. காற்றில் டிரோன் ஒரு பக்கம் சாய்ந்தால், உணர்கருவி அதை உடனே சொல்ல, மோட்டார் எதிர்ப்பக்கம் திரும்பிக் கேமராவை நேராக வைக்கிறது. மூன்றில் ஒன்று தகராறு செய்தாலும் மண்டபம் சாய்ந்து தெரியும், மணமக்கள் நடுங்குவார்கள்.

முதலில் செய்ய வேண்டியவை

கடைக்கு ஓடுமுன் சிலவற்றைப் பார்க்க வேண்டும். கிம்பலின் காப்பு மூடியைக் கழற்றாமல் இயக்கினால் மோட்டார் திணறும். மேடு பள்ளமான தரையில் வைத்து இயக்கினாலும் தொல்லைதான். சமதளத்தில் வைத்து, கம்பெனி சொல்லும் முறையில் ‘காலிபரேஷன்’ செய்து பார்க்கலாம். அதிர்வைத் தாங்கும் ரப்பர்கள் கழன்றிருக்கின்றனவா, மணல் புகுந்திருக்கிறதா என்றும் பார்க்கலாம்.

அதற்கும் சரியாகாவிட்டால் ஸ்குரூ டிரைவரைத் தொடக் கூடாது. தாமே திறந்தாலும், தெருமுனை ரிப்பேர்க்காரரிடம் திறக்கக் கொடுத்தாலும், பிறகு வாரண்டி கேட்பது கடினம். கோளாறு தெரியும்படி செல்போனில் படம் எடுத்து வையுங்கள். உடம்பில் கீறல், அடி இல்லை என்பதைக் காட்ட நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். சீரியல் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். பறந்த விவரம் கருவியில் பதிவாகியிருக்கும், அதை அழிக்காதீர்கள். கீழே விழுந்ததா இல்லையா என்று கம்பெனி பார்ப்பதும் அந்தப் பதிவைத்தான்.

சர்வீஸ் நிலையத்தில் ஒப்படைக்கும்போது தேதியிட்ட ‘ஜாப் ஷீட்’ வாங்காமல் திரும்பக் கூடாது. “விழுந்து அடிபட்டது, வாரண்டி கிடையாது” என்று சொன்னால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு எந்தச் சபையிலும் ஏறாது. சில கம்பெனிகள் உடலுக்கு ஒரு காலம், பாட்டரிக்கு ஒரு காலம், கிம்பலுக்கு ஒரு காலம் என்று வெவ்வேறு கெடு வைப்பதுண்டு. சீட்டின் பொடி எழுத்தையும் படிக்க வேண்டும்.

பில் இல்லாத சரக்கு

கேமரா என்றால் மெட்ரோ கலி, எலெக்ட்ரானிக் சாமான் என்றால் சாந்தினி சௌக் என்பது இந்நகரத்து வழக்கம். எந்தக் கடையானாலும் பில் கேட்டு வாங்குவதே வாங்குபவருக்குக் காப்பு. முழு டிரோன்களை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்ய மத்திய அரசு 2022 பிப்ரவரி 9 அன்று தடை விதித்தது. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்புத் தேவைகளுக்கு மட்டும் விலக்கு. உதிரி பாகங்களுக்குத் தடையில்லை. எனவே துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ உறவினர் கொண்டுவந்து தரலாம் என்ற எண்ணம் சுங்கச் சாவடியிலேயே முடிந்துவிடலாம். விற்ற நாட்டுக்கு மட்டுமே செல்லும் வாரண்டிகளும் பல.

சட்டம் என்ன சொல்கிறது?

2020 ஜூலை 20 முதல் அமலில் உள்ள 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்குப் பெரிய அனுகூலம் ஒன்றைத் தந்திருக்கிறது. முன்பு எதிர்த்தரப்பு இருக்கும் ஊரிலோ, விவகாரம் நடந்த ஊரிலோதான் வழக்குத் தொடுக்க முடியும். இப்போது புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ தொடுக்கலாம். சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய டிரோனுக்குக் காளிகாட்வாசி கொல்கத்தாவிலேயே நியாயம் கேட்கலாம்.

பொருளின் விலை 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையம் விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. பழுது ஏற்பட்டதிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். ஆறின கஞ்சி பழங்கஞ்சி ஆகிவிடக் கூடாது. மூன்று மாதத்தில், பொருளைப் பரிசோதனைக்கு அனுப்பினால் ஐந்து மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் வாய்தா நீள்வதும் உண்டு.

“தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல” என்று எதிர்த்தரப்பு வாதிக்கலாம். ஆனால் சுயதொழில் செய்து தன் ஜீவனத்துக்குச் சம்பாதிக்க வாங்கியவரை நுகர்வோராகவே சட்டம் கருதுகிறது. தானே டிரோன் ஓட்டிக் கல்யாணம் எடுப்பவர் இதைத் தைரியமாகச் சொல்லலாம். ஆட்களை வைத்துப் பல டிரோன்களை ஓட்டும் ஸ்டூடியோ முதலாளிக்கு இது பொருந்துவது கடினம்.

என்ன கேட்பது என்பதிலும் நிதானம் வேண்டும். பழுதான பாகத்தை மாற்றித் தருவதாக மட்டும் வாரண்டி சொன்னால், முழு வண்டியையும் மாற்றக் கேட்க முடியாது என்று 2006இல் மாருதி கார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 2010இல் பியட் கார் வழக்கிலோ, தயாரிப்பிலேயே குறை என்று சுயேச்சையான நிபுணர் சொன்னால் பணத்தை வட்டியுடன் திருப்பித் தர வேண்டும் என்றது. ஆகவே முதலில் கிம்பலை மாற்றித் தரக் கேட்பதே முறை. மாற்றியும் அதே கோளாறு திரும்பத் திரும்ப வந்தால் பணம் கேட்கலாம்.

தமிழிலேயே பேசலாம்

வங்காளியும் ஹிந்தியும் சரளமாக வராதவர்கள் தயங்க வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் 17 மொழிகளில் பேசலாம். தமிழும் அவற்றில் ஒன்று. கட்டணம் இல்லை. கம்பெனிக்குப் புகாரை அனுப்பிப் பதில் கேட்பார்கள். வழக்குக்குப் போகாமலே பல விவகாரங்கள் இங்கே தீர்வதுண்டு. தீராவிட்டால் ஆணையத்துக்கு ‘இ-ஜாக்ரிதி’ வலைத்தளம் வழியே வீட்டிலிருந்தபடியே மனுச் செய்யலாம்.

கடைசியாக ஒன்று. நியாயம் கேட்கப் போகிறவரின் காகிதங்களும் ஒழுங்காயிருக்க வேண்டும். 2021ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேற்பட்ட டிரோனுக்குப் பதிவு எண் தேவை. அதைக் கொண்டு சம்பாதிப்பவருக்கு ஓட்டுநர் சான்றிதழும் தேவை. சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது. பில், வாரண்டிச் சீட்டு, பதிவு எண், சான்றிதழ் நான்கையும் ஒரே உறையில் போட்டு வைத்துவிட்டால், கிம்பல் மக்கர் செய்யும் நாளில் பெட்டியைக் குடைந்து தேட வேண்டியிராது.