சாதிலிங்கம்

வெள்ளியை உருக்கி வார்த்தாற்போல் ஒளிர்ந்து ஓடுவது பாதரசம். மஞ்சள் நிறத் தூளாய் விளங்குவது கந்தகம். இவ்விரண்டும் கூடிக் குருதியொத்த செந்நிறப் பொருளொன்றை ஆக்குதல் இயற்கையின் விந்தைகளுள் ஒன்றாகும். அப்பொருளைச் சித்த மருத்துவ நூல்கள் சாதிலிங்கம் என வழங்கும். வேதியியலார் மெர்க்குரிக் சல்பைடு என்பர்.

இது நிலத்தினுள் தாதுப்பொருளாகக் கிடைக்கிறது, செயற்கையாகவும் செய்யப்படுகிறது. எடையில் நூறு பங்கு பாதரசத்துடன் ஏறத்தாழப் பதினாறு பங்கு கந்தகத்தைச் சேர்த்து நெடுநேரம் அரைத்தால் கரிய தூள் ஒன்று உண்டாகும். அத்தூளை மூடிய கலத்திலிட்டு ஏறத்தாழ 580 பாகை செல்சியசு வெப்பநிலைக்குச் சூடேற்றினால், அது உருகாமலே ஆவியாகி, கலத்தின் குளிர்ந்த மேற்பகுதியில் படியும். அப்படிவை எடுத்து அரைக்க அரைக்கச் செம்மை மிகும். கரிய தூளும் செந்தூளும் ஒரே சேர்மமே. அணுக்கள் அடுக்கப்பெற்ற முறை வேறுபடுவதால் நிறமும் வேறுபடுகிறது.

சாதிலிங்கம் நீரினும் எட்டு மடங்கு கனமானது. நீரில் கரையாது, நைட்ரிக் அமிலத்திற்கும் எளிதில் இணங்காது, இராச திராவகத்தில் கரையும். ஆயினும், ஒளி அதன் அழகைக் கெடுக்கும். உரோமாபுரியில் பபேரியசு என்னும் எழுத்தர் தம் இல்லத்துச் சுவர்களுக்கு இவ்வண்ணம் தீட்டுவித்தார். முப்பது நாளில் அது மங்கிப் பொலிவிழந்தது. இச்செய்தியைக் கூறும் கட்டடக் கலைஞர் விட்ருவியசு, வண்ணத்தின்மேல் மெழுகு பூசிக் காக்கும் முறையையும் விளக்கியுள்ளார்.

கரையாத இப்பொருளில் அடங்கிக் கிடக்கும் பாதரசம், காற்றில் வறுக்கப்பட்டவுடன் விடுதலை பெறுகிறது. கந்தகம் உயிர்வளியோடு சேர்ந்து வாயுவாய் அகல, பாதரசம் ஆவியாய் எழும். அவ்வாவியைக் குளிர்வித்தே உலகிற்கு வேண்டிய பாதரசம் பெறப்பட்டது. ஆனால் அது கண்ணுக்குப் புலப்படாத நஞ்சு. மூச்சின் வழியே உடலிற் புகுந்து நரம்புகளைத் தாக்கும்.

ஸ்பெயின் நாட்டின் அல்மடேன் சுரங்கத்தில் தண்டனை பெற்ற கைதிகளும் வேலை செய்விக்கப்பட்டனர். இன்று சுலோவேனியாவில் உள்ள இத்ரியாவில் மருத்துவராய் இருந்த ஸ்கோபோலி, அங்குள்ள தொழிலாளர்க்குக் கைகால் நடுக்கம் காண்பதை ஆராய்ந்து, 1761ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். பொருளின் பயனைப் பலர் கண்டனர். அதனைத் தோண்டுவோரின் துன்பத்தை அவர் கண்டார்.

அவ்விரு சுரங்கங்களிலும் இன்று பாதரசம் எடுக்கப்படுவதில்லை. 2012ஆம் ஆண்டில் அவை உலகப் பாரம்பரிய இடமாக ஏற்கப்பட்டன. பாதரசப் பயன்பாட்டைக் குறைக்கும் மினமாட்டா உடன்படிக்கை 2013ஆம் ஆண்டில் உருவாகி, 2017ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது.

பாதரசத்தைச் சூடாக்கும் செய்முறை எதனையும் மாணவர் செய்து பார்த்தல் ஆகாது. பொருளின் இயல்பை அறிவது கல்வி. அதனால் பிறர்க்கு நேரும் இடரையும் அறிந்து காப்பதே அக்கல்வியின் பயனாகும்.