சுவர்ப்படத்திற்கு ஏற்ற வண்ணங்கள்

தமிழகத்தில் வளரும் குழந்தைக்குத் தமிழெழுத்து பள்ளியில் மட்டும் அறிமுகமாவதில்லை. பேருந்தின் முகப்பிலும், கடையின் பெயர்ப்பலகையிலும், செய்தித்தாளின் தலைப்பிலும் அது நாள்தோறும் கண்ணில் படுகிறது. டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம் குழந்தைகளுக்கு அவ்வாய்ப்பு அரிது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பின் சுவரில் தொங்கும் எழுத்துப்படம் ஒன்றே அவர்களுக்கு அத்தனை பலகைகளின் பணியையும் ஆற்ற வேண்டியிருக்கிறது. அத்தகைய படத்தை அச்சிட முற்படும் அன்பர்கள் என்னென்ன வண்ணங்கள் சேர்த்தால் அழகாயிருக்கும் என்று கேட்பது வழக்கம். அதற்கு விடை காணுமுன், படத்தில் எதை எதிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டும் என்று தீர்மானித்துக்கொள்ளுதல் நலம்.

கல்விப்படத்தில் ஒவ்வொரு வண்ணத்திற்கும் ஒரு வேலை இருத்தல் வேண்டும். இந்திய நில அளவைத் துறையின் நிலப்படங்களில் நீலம் நீர்நிலைகளைக் குறிக்கும். பழுப்புக் கோடுகள் நிலத்தின் உயரத்தைக் காட்டும். பச்சை காடுகளை உணர்த்தும். ஒருமுறை இதை அறிந்தவர் எந்தத் தாளை விரித்தாலும் தடுமாறுவதில்லை. ஒரே நீலம் ஓரிடத்தில் ஆறாகவும் மற்றோரிடத்தில் வெறும் அலங்காரமாகவும் வருமாயின், படிப்பவர் அதை நம்புவதை விட்டுவிடுவர்.

இந்த நெறியை நம் எழுத்துப்படத்திற்குப் பொருத்திப் பார்ப்போம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துக்கள். குழந்தைக்குக் கடினமான பகுதி உயிர்மெய்யே. ‘கா’ என்பதில் குறி வலப்புறம் நிற்கிறது; ‘கெ’ என்பதில் இடப்புறம்; ‘கொ’ என்பதில் இருபுறமும். மெய்யின் உருவைக் கறுப்பிலும், உயிரின் குறியை வேறொரு வண்ணத்திலும் அச்சிட்டால், ஒலி எப்படிச் சேர்கிறது என்பதைக் குழந்தையின் கண்ணே கண்டுகொள்ளும். ஆயினும் ‘கு’, ‘கூ’ வரிசைகளில் குறி எழுத்தோடு இழைந்துவிடுவதால் அவற்றைப் பிரிக்க இயலாது. அவ்விரு வரிசைகளையும் முழுக் கறுப்பாகவே விட்டுவிடலாம். இவை தனியே பழக வேண்டிய வடிவங்கள் என்பதையும் அது சொல்லாமற் சொல்லும்.

ஆகவே நமக்கு வேண்டியவை கறுப்பும் இன்னொரு வண்ணமுமே. அந்த இரண்டாவது எது? பலரும் சிவப்பையே நாடுவர். அது கண்ணைக் கவரும் என்பது மெய்யே. ஆனால் இரண்டு தடைகள் உள்ளன.

முதலாவது தடை கண்ணைப் பற்றியது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத குறை சிலருக்குப் பிறவியிலேயே அமைகிறது. பரம்பரையாக வரும் இக்குறை பெண்களைவிட ஆண்களிடம் மிகுதி. வேதியியல் அறிஞர் ஜான் டால்டன் தமக்கிருந்த இக்குறையை 1794-ஆம் ஆண்டில் விவரித்தார். இவர்களுள் ஒரு பிரிவினருக்குச் சிவப்பு மங்கிக் கறுப்பை ஒட்டித் தோன்றும். கறுப்பு எழுத்தும் சிவப்புக் குறியும் அவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றே. அத்தகைய சிறுவன் தன் குறையை அறியான், ஆசிரியரும் அறியார். “சிவப்பாக இருப்பதைச் சொல்” என்று கேட்கும்போது அவன் விழிப்பதைக் கண்டு, மந்தமான பிள்ளை என்று முடிவு செய்துவிடுவர்.

ஜப்பானிய மருத்துவர் ஷினோபு இஷிஹாரா 1917-இல் வெளியிட்ட சோதனைப் படங்களை நேயர் பலர் கண்டிருப்பர். வண்ணப் புள்ளிகளுக்கிடையே ஓர் எண் மறைந்திருக்கும். நிறத்தால் மட்டுமே அதைக் கண்டுபிடிக்க முடியும். குறையைக் கண்டறிவதற்கு அம்முறை தக்கது. பாடம் கற்பிக்கும் படமோ அதற்கு நேர்மாறாக அமைய வேண்டும். நிறம் தெரியாதவருக்கும் அதன் செய்தி எட்ட வேண்டும்.

இரண்டாவது தடை வெயில். வழக்கமான நான்குவண்ண அச்சில் மஞ்சள், மெஜந்தா என்னும் செம்மை, சயான் என்னும் இளநீலம், கறுப்பு ஆகிய மைகள் பயன்படுகின்றன. இவற்றுள் மஞ்சளும் மெஜந்தாவும் ஒளியில் விரைந்து வெளிறும். கடைவாயிலில் ஒட்டிய பழைய சுவரொட்டிகள் நீலம் பாய்ந்து கிடப்பது இதனாலேதான். சிவப்பு இவ்விரண்டின் சேர்க்கை. எனவே சன்னலோரச் சுவரில் அது நெடுநாள் நிற்காது.

இவ்விரு காரணங்களாலும் நடுத்தரமான நீலமே நம் படத்திற்கு ஏற்றது. அது வெள்ளைத் தாளில் தெளிவாகத் தெரியும் அளவுக்கு அடர்ந்தும், கறுப்போடு கலந்துவிடாத அளவுக்கு வெளிர்ந்தும் இருத்தல் வேண்டும்.

இனி, அச்சகத்தில் கவனிக்க வேண்டியவை சில. நான்கு மைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக நுண்புள்ளிகளாய்ப் பதிகின்றன. அவை மயிரிழை விலகினாலும் எழுத்தின் ஓரத்தில் நிழல் விழும். அச்சகத்தார் இதை ‘ரிஜிஸ்டர்’ தவறியது என்பர். ஆதலால் சிற்றெழுத்துக்களை ஒரே மையில் அமைப்பதே பாதுகாப்பு. ஆப்செட்டில் பல பிரதிகள் அச்சிடுவோர், கறுப்புடன் நீலத்தைத் தனி மையாகக் கலந்து தரும்படி கேட்கலாம், கூர்மை கிட்டும். சில பிரதிகளே வேண்டிக் கணினி அச்சை நாடுவோர் எழுத்துக்களைச் சற்றுத் தடிப்பாக அமைத்துக்கொள்க.

அடர்ந்த பின்னணியில் வெள்ளெழுத்து வேண்டா. மை தாளில் சிறிது பரவும் இயல்புடையது. அப்போது முதலில் அடைபடுவது மெய்யெழுத்தின் புள்ளி. புள்ளி போனால் ‘க்’ என்பது ‘க’ ஆகிவிடும். படமே பிழையைக் கற்பித்துவிடும். மஞ்சளைப் பின்னணிக்கு வெளிறிய சாயலாகக் கொள்ளலாம். வெள்ளைத் தாளில் எழுத்துக்கு ஒருபோதும் கொள்ளலாகாது.

கணினித் திரையில் கண்ட வண்ணத்தை நம்பி ஒப்புதல் தருவதும் தகாது. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. தாள் தன்மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்பிக் காட்டுகிறது. திரையில் பளிச்சிடும் நிறம் தாளில் மங்கக்கூடும். ஆகையால் அச்சிடவிருக்கும் தாளிலேயே ஒரு மாதிரி எடுத்து, படம் தொங்கவிருக்கும் சுவரிலேயே வைத்து, வகுப்பின் கடைசி வரிசையிலிருந்து பார்க்க வேண்டும். பின்னர் அதைக் கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ் நகல் எடுத்துப் பாருங்கள். அந்த நகலிலும் மெய்யுருவும் உயிர்க்குறியும் வெவ்வேறாகத் தெரியுமாயின், நிறம் பிரித்தறியாத குழந்தையும் உங்கள் படத்திலிருந்து தமிழ் கற்கும். தெரியாவிட்டால், ஆயிரம் பிரதிகள் அச்சேறுமுன் அந்த நீலத்தை மாற்றிவிடுங்கள்.