மகனின் ஊரில் விருந்தினராய்

தேனி வாரச்சந்தையின் இரைச்சலில் பழகிய எங்கள் செவிகளுக்கு, அமெரிக்க நாட்டு நேப்பர்வில் நகரின் அமைதி முதலில் அச்சத்தையே தந்தது. சிகாகோவுக்கு மேற்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அந்நகரின் மக்கள்தொகை, 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 1,49,540. ஆயினும் எங்கள் மகன் குடியிருக்கும் தெருவில் பகற்பொழுதில் ஆளரவமே இல்லை. மகனும் மருமகளும் பணிக்குச் சென்றபின் காரின்றிக் கடைக்கும் செல்ல இயலாது. "இது சிறைவாசம்" என்று சலித்துக்கொண்டோம்.

1981-இல் ஊரார் கூடி அமைத்த டூபேஜ் ஆற்றோர நடைபாதையில் ஒருநாள் மாலை உலவுகையில், மகன் மெல்லச் சொன்னான்: "அப்பா, நீங்கள் ஆறு மாதத்தில் திரும்பிவிடுவீர்கள். எங்களுக்கு எந்நாளும் இதுதானே?"

நாங்கள் வாயடைத்து நின்றோம். பெற்றோரே, அயல்நாட்டுப் பிள்ளைகளைக் காணச் செல்கையில், குறை கூறும் விருந்தினராய் அன்று, அவர்தம் தனிமையைப் பகிரும் உறவினராய்ச் செல்வோம்.