தூங்கும் அம்பாசிடரை எழுப்புவோமா?

மதுரையில் இருந்து தேனி போகும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தால், செக்கானூரணி தாண்டியதும் வெளியே பார்த்துக்கொண்டே வாருங்கள் குட்டீஸ். உசிலம்பட்டி வருவதற்குள், ஏதாவது ஒரு வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்து நிழலில் ஒரு பழைய அம்பாசிடர் கார் நிற்பது கண்ணில் படலாம். நான்கு டயரிலும் காற்று இருக்காது. பின் சீட்டில் கோழி முட்டையிட்டிருந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள்!

அப்படி ஒரு கார் உங்கள் தாத்தா வீட்டிலேயே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய இரும்புக்காரர் எடை போட வந்துவிட்டார். தாத்தாவோ, ''உங்க அப்பத்தாவை அழகர்கோவில் கூட்டிட்டுப் போன வண்டிடா...'' என்று கண் கலங்குகிறார். என்ன செய்யலாம்? பல வருஷம் சும்மா நின்ற டீசல் இன்ஜினை மறுபடி ஓட வைக்க முடியுமா?

முடியும். ஆனால், முதலில் செய்யக்கூடாத ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். புது பேட்டரியை மாட்டி சாவியைத் திருகவே கூடாது!

ஏன் என்று சொல்கிறேன். அம்பாசிடரில் டீசல் இன்ஜின் வந்தது 1980-ல். இந்தியாவின் முதல் டீசல் கார் அதுதான். 1489 சி.சி., நான்கு சிலிண்டர், வெறும் 37 குதிரைத்திறன். இதில் பெட்ரோல் காரில் இருப்பது போலத் தீப்பொறி கொடுக்கும் பிளக் கிடையாது. பிறகு எப்படித் தீப்பிடிக்கிறது? சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்ப்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? சூடாக இருக்குமே! காற்றை அமுக்கினால் சூடாகும். இந்த இன்ஜினில் பிஸ்டன் காற்றை இருபதில் ஒரு பங்குக்கும் கீழே நசுக்குகிறது. காற்று 500 டிகிரி செல்சியஸையும் தாண்டிச் சூடாகிவிடும். அந்த நொடியில் டீசலைப் புகை போலப் பீய்ச்சினால், தானே பற்றிக்கொள்ளும்.

இப்படிக் காற்றை அமுக்க வேண்டுமானால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு கச்சிதமாக உட்கார வேண்டும். சுவரோ வார்ப்பிரும்பு. கார் நின்ற அன்று எந்த சிலிண்டரின் வால்வு திறந்தபடி நின்றதோ, அதன் வழியாக ஈரக்காற்று போய் வந்து ரிங்கும் சுவரும் துருவால் ஒட்டிப்போயிருக்கும். அந்த நிலையில் ஸ்டார்ட்டரைப் போட்டு முரட்டுத்தனமாகச் சுற்றினால் ரிங் உடையும், சுவரில் கீறல் விழும்.

ஆகவே மெக்கானிக் மாமா பொறுமையாக ஆரம்பிப்பார். சிலிண்டர்களுக்குள் எண்ணெயும் டீசலும் கலந்து ஊற்றிவிட்டுச் சில நாள் அப்படியே விட்டுவிடுவார். பிறகு ஸ்பேனரால் கையாலேயே மெல்ல, முன்னும் பின்னும் அசைப்பார். அசைந்துவிட்டால் பாதி கண்டம் தாண்டியாச்சு. அசைந்தாலும் ரிங்குகள் பள்ளத்துக்குள் சிக்கிக் கிடக்கும். பிரித்துத்தான் ஆக வேண்டும்.

பிரிப்பதை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். திரும்பப் பூட்டுவதில்தான் இருக்கிறது வேலை! கோவை ஜி.டி.நாயுடு (1893 - 1974) தெரியுமல்லவா? சிறுவயதில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கினார். வேலை செய்து பணம் சேர்த்து அதை வாங்கினார். வாங்கியதும் என்ன செய்தார் தெரியுமா? அக்கக்காகப் பிரித்துப் போட்டு, தானே மறுபடி பூட்டினார். பின்னாளில், 1920-ல், பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டியவரும் அவர்தான்.

நம் அம்பாசிடருக்கு வருவோம். கழற்றுகிற ஒவ்வொன்றுக்கும் அடையாளம் வேண்டும். ஒரு அட்டைப்பெட்டியில் எட்டு ஓட்டை போட்டு, எட்டு புஷ் ராடுகளையும் வரிசையாகச் செருகி வைக்க வேண்டும். இங்கே உங்கள் உதவி தேவைப்படும். ஒன்றாம் பிஸ்டன் ஒன்றாம் சிலிண்டருக்குத்தான் போக வேண்டும். கிராங்க் ஷாஃப்ட்டைப் பிடிக்கும் பேரிங் மூடிகள் பார்க்க ஒன்று போலவே இருக்கும். ஆனால், இடம் மாற்றிப் போட்டால் ஷாஃப்ட் சுற்றவே சுற்றாது.

உள்ளே என்னென்ன கிடக்கும் என்கிறீர்கள்? எண்ணெய்த் தொட்டியின் அடியில் தார் போன்ற கசடு. டேங்கில் பிசினாகிப்போன டீசல், அதற்குக் கீழே தண்ணீர். புகைக் குழாயில் குளவி மண் கூடு கட்டியிருந்தாலும் இருக்கும். எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, சிலிண்டரை அளந்து பார்ப்பார்கள். அதிகம் தேய்ந்திருந்தால் லேத் பட்டறையில் கொடுத்துக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போட வேண்டும். செலவு இங்கேதான் ஏறும். தாத்தாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது!

பூட்டும்போது தேய்கிற எல்லா இடத்திலும் எண்ணெய் தடவ வேண்டும். ரிங்குகளின் வாய் ஒரே கோட்டில் நிற்கக்கூடாது. நின்றால் காற்று அந்த வழியே கசியும். ஹெட்டின் நட்டுகளை நடுவில் இருந்து ஆரம்பித்து, ஓரத்தை நோக்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் பல சுற்றில் முறுக்க வேண்டும். ஒரு மூலையை மட்டும் முதலில் இறுக்கினால் ஹெட் கோணிக்கொள்ளும்.

எல்லாவற்றிலும் பயமான இடம் டைமிங் செயின். இரண்டு பற்சக்கரங்களிலும் ஒரு புள்ளி இருக்கும். இரண்டும் எதிரெதிரே பார்க்க வேண்டும். தவறினால், பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் வால்வு திறந்து நின்று, இரண்டும் முட்டிக்கொள்ளும். டீசல் இன்ஜினில் அங்கே இடைவெளி மிகக் குறைவு. அதனால்தான் பூட்டி முடித்ததும் கையால் முழுதாக இரண்டு சுற்று சுற்றிப் பார்க்கிறார்கள். எங்காவது தட்டினால்... நிறுத்து, மறுபடி பிரி!

அப்புறம் 'ஏர் எடுப்பது'. குழாயில் காற்று இருந்தால் பம்ப் தள்ளும்போது காற்றுதான் சுருங்கும், நாசில் திறக்காது. அது திறக்கச் சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல நூறு மடங்குக்கும் மேல் அழுத்தம் வேண்டும். நாசிலுக்கு நேரே கை நீட்டிவிடாதீர்கள் குட்டீஸ். அந்த டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வேடிக்கை பார்ப்பதென்றால் தள்ளி நின்றே பாருங்கள்.

இந்த இன்ஜினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசல், ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் 1897-ல் அதை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இன்ஜின் எதில் ஓடியது தெரியுமா? கடலை எண்ணெயில்! உசிலம்பட்டிப் பக்கம் மானாவாரியில் கடலை போடுகிறவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

சரி, ஹீட்டர் பிளக் சூடாகிவிட்டது. சாவியைத் திருகுகிறார் மாமா. டுர்ர்... டுர்ர்... ஒன்றுமில்லை. மறுபடி. வெள்ளைப் புகை. ஒரு சிலிண்டர் மட்டும் 'டக்' என்கிறது. அப்புறம் இரண்டு. திடீரென நான்கும் சேர்ந்து தடதடவென்று பிடித்துக்கொள்கின்றன. கோழி கத்திக்கொண்டு ஓடுகிறது!

உடனே ஊர்வலம் போக ஆசையாக இருக்கும். கொஞ்சம் பொறுங்கள். எண்ணெய் அழுத்தம் ஏறியிருக்கிறதா, தண்ணீர் ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். பிரேக்கும் பல வருஷம் தூங்கியதுதானே, அதையும் பிரிக்க வேண்டும். அதுவரை சாவி மெக்கானிக் மாமாவின் சட்டைப் பையில்தான்.